முதல் புரோட்டீன் டப்பா வாங்கும் முன்: பெங்களூருக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வே புரோட்டீன் வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, மடிவாளாவிலோ ஈஜிபுராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒரு பி.ஜி.யில் தங்கி, பக்கத்து ஜிம்மில் பெயர் கொடுத்தால் முதல் வாரமே ஒரு கேள்வி வரும்: "என்ன புரோட்டீன் எடுக்கிறீங்க?" அதை ஊருக்கு ஃபோன் செய்து சொன்னால் அம்மா பதறுவார்: "அந்தப் பவுடரெல்லாம் வேண்டாம்ப்பா, கிட்னி போயிடும்." இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பவுடர்களில் ஒன்றான வே, பாலிலிருந்து பிரித்தெடுத்த புரத உணவு. நம் சாப்பாட்டில் எவ்வளவு புரதம் குறைகிறது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குறையை மட்டும் நிரப்ப வாங்கினால் அது நன்றாகவே உதவும். அந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவதுதான் வீண்.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தேவை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். இது சாதாரண வாழ்க்கைக்கான அளவு. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். இதைப் பற்றி 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசல், கிலோவுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டினால் தசை வளர்ச்சியில் மேற்கொண்டு பெரிய லாபம் கிடைப்பதில்லை என்று கண்டது. அதே 60 கிலோக்காரர் பயிற்சி செய்தால் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 72 முதல் 96 கிராம் வரை ஒரு நல்ல எல்லை. ஜிம்மில் சிலர் "கிலோவுக்கு 3 கிராம்" என்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை.

உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவோ அதை வைத்துப் பெருக்குங்கள்.

அப்புறம் உங்கள் தட்டு

சராசரி பி.ஜி. சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: எட்டு ஒன்பது கிராம். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர்: பதினைந்து கிராம் வரலாம். சாயங்காலம் ஒரு டீ, இரண்டு பிஸ்கட்: மூன்று கிராம். இரவு மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா: பன்னிரண்டு பதின்மூன்று கிராம். மொத்தம் நாற்பதைச் சுற்றி நிற்கும். காலையில் இட்லிக்குப் பதில் சித்திரான்னம் போட்ட நாளில் இன்னும் குறையும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது நிறைய உண்டு. உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. ஆகவே இட்லியிலும் சாம்பார் சாதத்திலும் புரதத்தின் தரம் மோசமில்லை, அளவுதான் போதவில்லை. பெரும்பாலான தென்னிந்தியத் தட்டுகளின் பிரச்சினை இதுதான். சாதம் ஒரு மலை, பருப்பு ஒரு கரண்டி.

அந்தக் குறையை முதலில் சாப்பாட்டால் நிரப்பப் பாருங்கள். அடுப்பு இல்லாத அறையிலும் இது முடியும். இரண்டு வேகவைத்த முட்டை 12 கிராம் தரும். 250 மில்லி பால் 8 கிராம் தரும். தெருமுனை நந்தினி பூத்தில் அரை லிட்டர் பாக்கெட் வாங்கினால் இரண்டு வேளைக்கு ஆகும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், அதே அளவு பொட்டுக்கடலையில் 6 கிராம். மீல்மேக்கர் 30 கிராமைக் கெட்டிலில் கொதித்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுத்தால் 15 கிராம். நம்மூர் சுண்டலும் இந்த ஊர்ப் பாசிப்பருப்புக் கோசம்பரியும் எந்த டப்பாவுக்கும் முன்னால் வர வேண்டியவை. மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் பெங்களூரை நிறைத்துவிடும். அந்தப் பருவத்தில் அவரைப்பருப்புப் போட்ட குழம்பு எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். கறி, மீன் சாப்பிடுபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு.

இத்தனையும் சேர்த்த பிறகும் தினமும் 20, 25 கிராம் குறைகிறது என்றால், அந்த இடம் ஒரு ஸ்கூப் (டப்பாவில் உள்ள அளவுக் கரண்டி) வேயுடைய இடம். ஐ.டி. வேலைக்காரர்களின் நாள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, ஜிம்முக்குப் போய்விட்டு பி.ஜி. வந்து சேரும்போது சமையலறையைப் பூட்டியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஒரு ஷேக்கர் உண்மையான வசதி. முட்டை சேர்க்காத சைவ வீட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படியே.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படி சொல்கிறது. பொடிகளில் சேர்க்கப்படும் சர்க்கரை, செயற்கை இனிப்பு, சுவையூட்டி ஆகியவற்றை அது காரணமாகக் காட்டுகிறது. பொதுமக்கள் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையாக அதை நான் மதிக்கிறேன். டப்பாவைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதும் அதனால்தான்.

வே என்பது என்ன, எந்த வகை வாங்குவது

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன், மீதி 20 சதவீதம் வே. சீஸ் செய்யும்போது கேசீன் திரண்டு கட்டியாகிவிடும். மிஞ்சும் வெளிர்மஞ்சள் நீரில் வே தங்கிவிடும். ஒரு காலத்தில் சீஸ் ஆலைகள் அதைக் கழிவாகக் கொட்டின. மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டிகள் வந்த பிறகு அதிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்திப் பொடியாக்கினார்கள்.

வீட்டில் பனீர் செய்து மிஞ்சும் நீரும் இதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. பனீருக்குப் பாலை நன்றாகக் கொதிக்கவைப்பதால் வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிப் பனீருக்குள்ளேயே போய்விடுகிறது. அந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்துங்கள், நல்லதுதான். ஆனால் அதைப் புரோட்டீன் ஷேக் கணக்கில் சேர்க்க முடியாது.

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். கான்சன்ட்ரேட்டில் புரதம் 80 சதவீதம் வரை இருக்கும், கொஞ்சம் லாக்டோஸும் (பாலில் உள்ள சர்க்கரை) கொழுப்பும் உண்டு. ஐசொலேட் 90 சதவீதம் அளவுக்குச் சுத்திகரித்தது, லாக்டோஸ் மிகக் குறைவு, விலை கூடுதல். ஹைட்ரோலைசேட் பாதி செரித்த நிலையில் உள்ளது, கசக்கும், விலை இன்னும் கூடுதல். பால் குடித்தால் வயிறு உப்பும், பொருமும் என்பவர்கள் ஐசொலேட் வாங்கட்டும். மற்ற எல்லோருக்கும் கான்சன்ட்ரேட் போதும். ஹைட்ரோலைசேட்டுக்குச் செலவழிக்க ஒரு புதியவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

மாஸ் கெய்னர் என்று எழுதிய பெரிய டப்பா இந்த வகையில் சேராது. அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. அந்தக் கலோரியை இரண்டு வாழைப்பழமும் ஒரு தட்டு சாதமும் குறைந்த செலவில் தரும்.

லேபிளைப் படிப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள்.

ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 73 சதவீதம். சாக்லேட் சுவை சேர்த்த கான்சன்ட்ரேட்டுக்கு அது நியாயமான எண். 36 கிராமில் 20 கிராம் என்றால் 56 சதவீதம்தான். மீதிக்கு எதை நிரப்பினார்கள் என்று யோசிக்க வேண்டும். சுவை சேர்த்த கான்சன்ட்ரேட் 90 சதவீதம் என்று சொன்னாலும் சந்தேகப்படுங்கள். கோகோவும் இனிப்பும் ஈரப்பதமும் சேர்ந்த பிறகு அந்த எண் வராது.

அடுத்து, உட்பொருள் பட்டியல். அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். வே கான்சன்ட்ரேட்டோ ஐசொலேட்டோ முதலில் இருக்க வேண்டும். கிளைசின், டாரின், குளூட்டமின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. உணவில் புரதத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் முறை 1883இல் டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் உருவாக்கியது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பால் பொருள் என்றால் 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்கிறது. மலிவான நைட்ரஜன் பொருளைக் கலந்தால் காகிதத்தில் புரதம் கூடிவிடும். 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால்பொடியில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். புரோட்டீன் டப்பாவில் மலிவான அமினோ அமிலத்தைத் திணிப்பது அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல என்றாலும், நீங்கள் கொடுக்கும் காசுக்கு முழுப் புரதம் கிடைக்காது.

இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சினும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் தென்பட்டன. இதைப் படித்த பிறகும் லேபிளை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. தன் ஒவ்வொரு பேட்ச்சையும் வெளி ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையைப் பேட்ச் எண்ணோடு வெளியிடும் பிராண்டைத் தேடுங்கள். டப்பாவின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூலிகைச் சாறு கலந்த பொடிகள் வேண்டவே வேண்டாம். அஸ்வகந்தா, கார்சீனியா, பச்சைத் தேயிலைச் செறிவு ஆகியவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. வே வாங்கினால் வே மட்டும் இருக்கட்டும்.

வாங்கும் இடம், விலை

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். அதை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் பெயரே வருகிறதா என்று தெரிந்துவிடும். வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஜிம்மில் பில் இல்லாமல் "உங்களுக்காகக் குறைச்சுத் தர்றேன்" என்று நீட்டுவதையும் வாங்காதீர்கள். பிராண்டின் சொந்த இணையதளம், அல்லது பில் தரும் அங்கீகரிக்கப்பட்ட கடை, இந்த இரண்டு போதும். மூடிக்குக் கீழே உள்ள சீல் கிழிந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

விலையை டப்பா கணக்கில் பார்க்காமல் புரதத்தின் கிராம் கணக்கில் பாருங்கள். ஒரு கிலோ 2,500 ரூபாய், புரதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 750 கிராம் புரதம். கிராமுக்கு 3 ரூபாய் 33 காசு. முட்டை 7 ரூபாய் என்றால் அதில் 6 கிராம். கிராமுக்கு 1 ரூபாய் 17 காசு. முட்டை சாப்பிடுபவருக்கு எது முதலில் என்பது இதிலேயே தெரிகிறது.

முதல் தடவை சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். சுவையும் வயிறும் ஒத்துவருகிறதா என்று தெரியாமல் இரண்டு கிலோ வாங்கிவிட்டால் அது அலமாரியில் கிடக்கும்.

குடிப்பது

ஷேக்கரில் முதலில் 200 மில்லி குளிர்ந்த நீர், பிறகு பொடி. மாற்றிப் போட்டால் அடியில் கட்டி பிடிக்கும். சூடான பாலிலோ காபியிலோ நேரடியாகக் கொட்டினால் முட்டை வெந்ததுபோலத் திரிந்துவிடும். சத்து போய்விடாது, குடிக்கத்தான் முடியாது. முதல் வாரம் அரை ஸ்கூப். வயிறு ஏற்றுக்கொண்டால் முழு ஸ்கூப். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். டப்பாவில் உள்ள ஸ்கூப்பின் அளவு கையைப் பொறுத்து மாறும் என்பதால் ஒரு தடவையாவது சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பது சரியல்ல. நாள் முழுவதும் சேர்த்து எவ்வளவு புரதம் என்பதுதான் முக்கியம். ஜிம் இல்லாத நாளிலும் சாப்பாட்டில் குறை இருந்தால் குடிக்கலாம்.

ஷேக்கரை உடனே கழுவுங்கள். ஒரு மணி நேரம் பையில் கிடந்தால் நாற்றம் போகவே போகாது. மழை மாதங்களில் பெங்களூருக் காற்றில் ஈரம் அதிகம், எனவே டப்பாவுக்குள் ஈரக்கரண்டி போகக் கூடாது.

என்ன எதிர்பார்க்கலாம்

உறுதியான ஆதாரம் உள்ள பலன் ஒன்று: எடைப் பயிற்சியோடு சேரும்போது தசை வளரவும் பழுதுபார்க்கவும் வே உதவுகிறது. தசை கட்டுமானத்தைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளது, செரிமானமும் வேகம். பயிற்சி இல்லாமல் குடித்தால் வெறும் கலோரிதான். பெண்கள் குடித்தால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி முறுக்கேறிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை.

எடையைக் குறைப்பவர்களுக்குப் புரதம் பசியைத் தள்ளிப்போடும், தசை கரையாமல் காக்கும். இதை வேயும் செய்யும், முட்டையும் செய்யும். சர்க்கரை நோய் பற்றி ஒரு சுவாரசியமான தகவல் உண்டு. காலை உணவுக்கு முன் 50 கிராம் வே கொடுத்ததில் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை 28 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 15 பேர்தான். மாத்திரை போடுபவர்கள் அதை நம்பித் தாங்களாக எதையும் மாற்றக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்ற விளம்பரத்தை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

கிட்னி பற்றி அம்மா சொன்னது

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அளவுப் புரதத்தால் அது கெட்டுப்போவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்கு அம்மாவின் பயம் முழுக்க நியாயமானது. அவர்களுக்கு மருத்துவர்கள் புரதத்தைக் குறைக்கவே சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால் ஆரம்பப் பாதிப்பு வெளியே தெரியாது. எனவே தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டையும் பார்த்துவிடுங்கள். பல அலுவலகங்களின் வருடாந்திரப் பரிசோதனையிலேயே இவை வந்துவிடும். குடும்பத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல் இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஜிம்மில் பலர் எடுக்கும் கிரியேட்டின் என்ற பொடியை எடுப்பவர்களுக்குக் கிரியேட்டினின் எண் சற்றுக் கூடித் தெரியலாம் என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த வகை வேயையும் தொடக் கூடாது. இது லாக்டோஸ் செரிக்காத பிரச்சினையிலிருந்து வேறு, ஐசொலேட்டும் தீர்வாகாது. சிலருக்கு முகப்பரு கூடுகிறது. நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஊருக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் அப்பா அம்மாவுக்கு ஒரு டப்பா எடுத்துப்போகிறவர்கள் இப்போது நிறைய. இது நல்ல யோசனையாக இருக்கலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை தானாகவே கரைகிறது. 2013இல் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர் குழு ஒன்று 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல் இல்லாமல், பசி இல்லாமல் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு ஸ்கூப் உண்மையில் கைகொடுக்கும். கூடவே நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரும் பயிற்சியையும் தினமும் செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் கொடுக்கும் முன் அவர்கள் போடும் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மாத்திரை போட்ட உடனே பால் சார்ந்த எதையும் குடித்தால் மருந்து சரியாக உடலில் சேராது. எனவே அவர்களுக்கு வேயை மதியத்துக்கோ மாலைக்கோ தள்ளிவையுங்கள். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்குப் புரதம் அந்த மருந்தோடு போட்டி போடும். அதனால் அவர்களுக்கு எந்த நேரத்தில், எவ்வளவு என்பதை மருத்துவர் சொன்ன பிறகு டப்பாவைத் திறக்கலாம்.